கல்விக்குப் பொருள் கொடுப்பவர் யார்?

கல்வியின் மேன்மையை உரைக்கப் புகும் தமிழாசிரியர் இரண்டு பாண்டியரைத் துணைக்கு அழைப்பது வழக்கம். ஒருவர் புறநானூற்றின் 183ஆம் பாட்டைப் பாடிய ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். மற்றவர் வெற்றிவேற்கை இயற்றிய அதிவீரராம பாண்டியர். முன்னவர், ஆசிரியர்க்கு மிகுந்த பொருள் தந்தும் கற்க என்கிறார். பின்னவர், இரந்தேனும் கற்க என்கிறார். உடையவனுக்கு ஒரு வழி. இல்லாதவனுக்கு மற்றொரு வழி. நடுவே நிற்பவன் நிலை யாது? அவனிடம் போதிய பொருளும் இல்லை. இரக்க மனமும் இல்லை. ஆகவே கடன் வாங்குகிறான். அக்கடனைப் பற்றி இவ்விரு அறிவுரைகளிலும் பேச்சே இல்லை.

இது வெறும் ஏட்டு வினா அன்று. பிரித்தானியா 1980இல் புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவரிடம் முழுச் செலவையும் கட்டணமாகப் பெறத் தொடங்கிற்று. மலேசிய மாணவர் அங்கே பெருந்தொகையினராய்ப் பயின்ற காலம் அது. 1997இல் நாணய நெருக்கடி வந்தது. அதற்கு முன் டாலருக்கு ஏறத்தாழ இரண்டரை ரிங்கிட்டாக இருந்த மதிப்பு, 1998 செப்டம்பரில் 3.80 என நிலைநிறுத்தப்பட்டது. 10,000 டாலர் கட்டணம் 25,000 ரிங்கிட்டிலிருந்து 38,000 ஆயிற்று. பிள்ளையின் படிப்பில் குறையில்லை. தந்தையின் சம்பளத்திலும் மாற்றமில்லை. கணக்கு மட்டும் மாறிவிட்டது.

அமெரிக்காவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை, வறுமை நோக்கி வழங்கும் உதவியை வெளிநாட்டவர்க்கு அளிப்பதில்லை. அனுமதிப் பத்திரம் பெற முதலாண்டுச் செலவுக்குப் பணம் காட்டினால் போதும். நான்காம் ஆண்டுக்கு வழி உண்டா என்பதைப் பெற்றோர்தாம் கேட்டுக்கொள்ள வேண்டும். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வீட்டை அடகு வைக்கும் முன் எழவேண்டிய கேள்வி இதுவே.

இனி அப்புறப்பாட்டை முழுமையாக நோக்குதல் வேண்டும். வகுப்பில் பெரும்பாலும் முதற்பகுதியோடு நின்றுவிடுகிறார்கள். பிற்பகுதியோ கல்வியின் பயனைப் பேசுகிறது. கற்ற மகனிடம் தாயின் மனம் சாய்கிறது. அறிவுடையோன் வழியில் அரசும் செல்கிறது. கீழோன் எனப்பட்டவன் கற்றால் மேலோன் எனப்பட்டவனும் அவனை அடைகிறான். அதாவது, பொருள் கொடுப்பவன் ஒருவன். பயன் பெறுவோர் வீட்டாரும் நாட்டாரும். பாட்டின் இரு பகுதிகளுக்கும் இடையே உள்ள இவ்விடைவெளியைப் பாட்டு நிரப்பவில்லை. பயன் பொதுவாயின் செலவு மட்டும் தனியொருவன் தலையில் விழுவது எங்ஙனம் பொருந்தும்?

இவ்விடைவெளியை நிரப்பும் வழியை இம்மண் அறியாததன்று. பிரிக்பீல்ட்ஸ் பெருஞ்சாலைக்குப் பெயர் தந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டத் தொழிலாளர் மாதந்தோறும் சிறுகச் சேர்த்த வெள்ளியைக் கொண்டே தோட்டங்கள் வாங்கப்பட்டன. நிலத்துக்கு இயன்ற கூட்டுமுயற்சி கல்விக்கு இயலாது எனக் கூறுவதற்கில்லை.

ஆதலின் பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், பொருள் கொடுத்துக் கற்க என்பதோடு நிறுத்தாது, எவர் பொருள், எத்தனை ஆண்டுக்கு என்ற கணக்கையும் உடன் கற்பித்தல் நன்று. கடனில் மூழ்கிய வீட்டில் அப்பாட்டு அறிவுரையாக ஒலிக்காது, பழியாகவே ஒலிக்கும்.