பஞ்சத்தில் பிறந்த பேய்கள்

பேய்ப் படம் ஓடும்போது கொட்டகை சிரித்தால் படம் ஊத்திக்கொண்டது என்று அர்த்தம். அந்த விபத்தையே பிழைப்பாக்கிக்கொண்ட கூட்டம் ஒன்று உண்டு. கையில் காசில்லாதவர்கள். அவர்கள் படங்களை எடைபோட நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான்: இல்லாத காசு திரையில் என்னவாக மாறியிருக்கிறது?

இந்த வழிக்கு மூத்தவர் அமெரிக்காவின் ரோஜர் கார்மன். 1960இல் வந்த ‘த லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ படத்தில், பூக்கடையில் வளரும் ஒரு செடி மனித ரத்தம் கேட்டு அடம்பிடிக்கும். முக்கியமான காட்சிகளையெல்லாம் 2 நாளில் சுருட்டிவிட்டார்கள். பல் பிடுங்கும் வலியை ரசித்துச் சிரிக்கும் நோயாளியாக இளம் ஜாக் நிக்கல்சன் வருவார். கார்மனிடம் பயம் குறைவு, வாய்ப்பேச்சு அதிகம். அவசரமே அவருடைய பாணி.

சாம் ரெய்மி வேறு ரகம். 1979 குளிர்காலத்தில், டென்னசி காட்டில் ஒரு பாழடைந்த மரவீட்டில் ‘ஈவில் டெட்’ எடுத்தார். கேமராவை வழுக்கிக்கொண்டு போக வைக்கும் கருவி வாங்க வசதியில்லை. பலகையொன்றில் கேமராவைப் பொருத்தி, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். கண்ணுக்குத் தெரியாத பேயின் பார்வை அப்படித்தான் கிடைத்தது. ரத்தம் சோளப்பாகு; அது காய்ந்து நாயகன் புரூஸ் கேம்பெல்லின் சட்டை அட்டைபோல விறைத்துக்கொண்டதாம். 1981இல் வந்த அந்தப் படம் பயமுறுத்தவே வந்தது. சிரிப்பு முழுதாகப் பிடிபட்டது 1987இன் இரண்டாம் பாகத்தில். நாயகனின் சொந்தக் கையே பேய் பிடித்து, தட்டுகளை எடுத்து அவன் தலையில் உடைக்கிறது. ரெய்மிக்குப் பிடித்த ‘த்ரீ ஸ்டூஜஸ்’ நகைச்சுவைக் குழுவின் அடிதடியேதான், கூட ரத்தம்.

அதே 1987இல் நியூசிலாந்திலிருந்து ‘பேட் டேஸ்ட்’ வந்தது. பீட்டர் ஜாக்சன் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, வாரக் கடைசிகளில் நண்பர்களைச் சேர்த்து நாலு வருடம் எடுத்தது. வேற்றுக்கிரகவாசிகளின் முகமூடிகள் அவருடைய அம்மாவின் அடுப்பில் வெந்தவை. 1992இன் ‘பிரெய்ன்டெட்’ படத்துக்குக் கொஞ்சம் வசதி வந்தது. படப்பிடிப்பு முடிந்தும் பணம் மிஞ்சியது. அந்த மிச்சத்தில், பேய்க் குழந்தையைப் பூங்காவுக்கு உலாவக் கூட்டிப்போகும் காட்சியைச் சேர்த்தார். படத்திலேயே அதிகம் சிரிக்க வைப்பது அந்த மிச்சப் பணம்தான்.

‘டாக்ஸிக் அவெஞ்சர்’ எடுத்த டிரோமா நிறுவனத்துக்கும் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. எனக்கு ஒட்டவில்லை. வேண்டுமென்றே மட்டமாக எடுப்பதும், இருப்பதை வைத்து நன்றாக எடுக்க முட்டிமோதுவதும் ஒன்றல்ல.

அந்த முட்டிமோதலையே கதையாக்கியவர் ஜப்பானின் ஷினிச்சிரோ உவேதா. டோக்கியோவில் நடிப்புப் பள்ளி ஒன்றின் பயிலரங்கத்துக்காக, சுமார் 30 லட்சம் யென்னில் எடுத்த படம் ‘ஒன் கட் ஆஃப் த டெட்’ (2017). முதல் 37 நிமிடம் ஒரே ஷாட். பிணங்கள் எழுந்து துரத்துகின்றன. நடிகர்கள் வசனமில்லாமல் திருதிருவென விழிக்கிறார்கள். கேமரா தரையில் விழுந்து கிடக்கிறது. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றும். போகக் கூடாது. பிறகு படம் பின்னோக்கிப் போய், அந்த 37 நிமிடத்தை ஒரு நேரலை ஒளிபரப்புக்காக எடுத்தவர்களின் பாட்டைக் காட்டுகிறது. முன்பு அசட்டுத்தனமாகப் பட்ட ஒவ்வொன்றுக்கும் பின்னால் வயிற்றுக் கோளாறோ குடிபோதையோ பிடிவாதமோ நிற்கிறது. கிரேன் இல்லாமல் கடைசிக் காட்சியை எப்படிச் சமாளித்தார்கள் என்பதை இங்கே சொன்னால் பாவம். சின்ன அரங்கில் தொடங்கிய படம், போட்ட காசுக்கு ஆயிரம் மடங்குக்கு மேல் வசூலித்தது.

2022இல் மிஷெல் அசனாவிசியூஸ் அதைப் பிரெஞ்சில் எடுத்தார். கான் விழாவின் தொடக்கப் படம். பேர்பெற்ற நடிகர்கள், கச்சிதமான ஒளி, அதே தடுமாற்றங்கள் ஒன்றுவிடாமல். காசில்லாமையையும் காசு கொடுத்தே செய்ய வேண்டியிருந்தது. எனக்குப் பாதி இடங்களில்தான் சிரிப்பு வந்தது.