கெடு தள்ளத் தள்ள ஏறிய விலை

நிலக்கரி மின் நிலையங்களின் புகையில் கந்தக டை ஆக்ஸைடு எவ்வளவு இருக்கலாம் என்று இந்தியாவில் முதன்முறையாக வரம்பு கட்டியது 2015 டிசம்பர் 7-ஆம் தேதி அறிவிக்கை. அதற்கு முன்பு உயரமான புகைபோக்கி கட்டினால் போதும். நச்சு தொலைவில் போய் விழும். பழைய நிலையங்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டே ஆண்டு. அது 2022-க்குப் போனது. 2021, 2022, 2024-இல் வந்த அறிவிக்கைகளால் மறுபடி மறுபடி நீண்டது. கடைசியில் 2025 ஜூலையில், சுமார் 78 சதவீத நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவியே வேண்டாம், புகைபோக்கி உயர விதியை நிறைவு செய்தால் போதும் என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் முடித்துக்கொண்டது. பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு மறுபடி புகைபோக்கிக்கே வந்து நிற்கிறோம்.

செலவு தாங்காது என்பது நிலையங்கள் ஓயாமல் சொல்லிவந்த காரணம். அதைப் பொய் என்று தள்ள முடியாது. 2019-இல் மத்திய மின்சார ஆணையம் 500 மெகாவாட் அலகுக்குப் போட்ட உத்தேச மதிப்பு, மெகாவாட்டுக்குச் சுமார் 40 லட்சம் ரூபாய். வரி, கட்டுமானக் கால வட்டி போன்றவை அதில் சேராது. சில ஆண்டுகளில் பேச்சு 1.2 கோடிக்கு வந்துவிட்டது. இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல என்பதைக் கழித்துப் பார்த்தாலும் ஏற்றம் பெரிதுதான்.

அந்த ஏற்றத்தை யார் உண்டாக்கினார்கள் என்பதுதான் என் கேள்வி. நாடு முழுவதும் 537 அலகுகளுக்கு ஏறக்குறைய ஒரே கெடு. கருவியைச் செய்து தரும் நிறுவனங்களோ கைவிரல் விட்டு எண்ணும் அளவு. முதல் சில ஆண்டுகள் பெரும்பாலோர் டெண்டர் கூட விடவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டினால் விலை ஏறாமல் என்ன செய்யும்? போதாததற்கு, 2018-இல் மின் அமைச்சகம் இந்தச் செலவை ‘சட்ட மாற்றம்’ என்று கருதி மின் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ள வழி திறந்துவிட்டது. முதலீட்டைத் திரும்பப் பெற வழி செய்தது நியாயம். ஆனால் மொத்தமும் மின்வாரியம் வழியாக நுகர்வோர் தலையில் விடியும் என்று தெரிந்த பிறகு, அடித்துப் பேரம் பேச யாருக்கு அக்கறை இருக்கும்?

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். மெகாவாட்டுக்கு 1.2 கோடி என்றால் வட்டி, தேய்மானம், லாபம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 15 சதவீதம், அதாவது 18 லட்சம் ரூபாய் மீட்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிலையம் 85 சதவீதத் திறனில் ஓடினால் யூனிட்டுக்கு 24 காசு விழும். 40 லட்சம் காலத்தில் இதுவே 8 காசுதான். சூரிய மின்சாரம் பெருகப் பெருகப் பகலில் நிலக்கரி அலகுகளின் உற்பத்தியைக் குறைக்கிறார்கள். 55 சதவீதமே ஓடினால் அந்த 24 காசு 37 காசாகிவிடும். கருவி மாறவில்லை, பிடிக்கும் கந்தகத்தின் விகிதமும் மாறவில்லை. தாமதித்த ஒவ்வொரு ஆண்டும் நிலையத்தின் மிச்ச ஆயுளைக் குறைத்து, மீதியிருக்கும் யூனிட்டுகளின் மேல் பாரத்தை ஏற்றியது. 2021-இல் விதித்த அபராதமோ அதிகபட்சம் யூனிட்டுக்கு 20 காசு. கருவி வைப்பதை விட அபராதம் கட்டுவது மலிவு; கெடுவே நகர்ந்துகொண்டிருந்ததால் அதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

கருவியை எதிர்ப்பவர்களின் இன்னொரு வாதம், அது கரியமில வாயுவைக் கூட்டும் என்பது. சுண்ணாம்புக்கல்லை அரைத்துக் குழம்பாக்கிப் புகையின் மேல் தூவுகிறார்கள். கந்தகம் அதோடு சேர்ந்து ஜிப்சமாகப் படிகிறது, கரியமில வாயு பிரிகிறது. உண்மைதான். ஆனால் எவ்வளவு? 500 மெகாவாட் அலகு ஆண்டுக்குச் சுமார் 24 லட்சம் டன் நிலக்கரி எரிப்பதாகவும், அதில் 0.4 சதவீதம் கந்தகம் என்றும் கொண்டால், கந்தக டை ஆக்ஸைடு 19,000 டன் வரும். அதைப் பிடிக்க 30,000 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். வெளியேறும் கரியமில வாயு 13,000 டன். அந்த அலகு எப்படியும் கக்கும் முப்பது லட்சம் டன்னுக்கு மேலான வாயுவோடு ஒப்பிட்டால் அரை சதவீதம் கூடத் தேறாது. கருவியை ஓட்டவே உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் மின்சாரம் போகிறது என்பது இதைவிடக் கனமான குறை. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

காற்றில் கந்தக டை ஆக்ஸைடு அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்ற வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை. 275 மீட்டர் உயரத்தில் விடும் வாயு நிலையத்தின் வாசலில் உள்ள அளவைக் கருவியில் அதிகம் பதியாது. அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய், வழியில் அம்மோனியாவோடு கூடிச் சல்பேட் நுண்துகளாகிறது. அங்கே அதன் பெயர் பிஎம் 2.5, கணக்கு நகரத்தின் தலையில் எழுதப்படும்.

கருவி வைப்பது முடியாத காரியமும் அல்ல. சப்போட்டாத் தோட்டங்கள் நிறைந்த மகாராஷ்டிரத்தின் தஹானுவை மத்திய அரசு 1991-இல் சூழல் நலிவுப் பகுதியாக அறிவித்தது. உச்ச நீதிமன்ற உத்தரவால் 1996-இல் அமைந்த கண்காணிப்பு ஆணையம் விடாமல் நெருக்க, அங்குள்ள 500 மெகாவாட் நிலையத்தில் 2007-இல் கடல்நீரால் கந்தகம் நீக்கும் கருவி ஓடத் தொடங்கியது. சீனா வேறு வழியில் போனது: கந்தகம் நீக்கிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 1.5 ஃபென் (0.015 யுவான்) கூடுதல் விலை கொடுத்தது. கருவி ஓடாத நேரத்துக்கு அதைப் பிடித்தம் செய்தது. நாம் கருவி வாங்கிய செலவைக் கட்டணத்தில் சேர்த்தோம். அங்கே அது ஓடியதற்குப் பணம். விலையை விட இந்த வேறுபாடு பெரிது என்று நினைக்கிறேன்.

இடம் எதுவானாலும் எல்லா அலகுக்கும் மருந்து வேண்டும் என்ற 2015 அறிவிக்கையின் பிடிவாதத்தையும் நான் ஆதரிக்கவில்லை. உதாரணத்துக்குத் தூத்துக்குடி, தேசியத் தூய காற்றுத் திட்டப் பட்டியலில் உள்ள நகரம். அத்தகைய நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்கள் 2025 அறிவிக்கையில் ‘பி’ பிரிவு. கருவி வேண்டுமா என்பதை நிபுணர் குழு ஒவ்வொன்றாக முடிவு செய்யும். அங்கே அரசு அனல் மின் நிலையத்தின் 210 மெகாவாட் முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. நாற்பத்தைந்து வயது தாண்டிய அதன்மேல் 250 கோடி ரூபாய் போடச் சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் கருவியும் வேண்டாம், மூடவும் வேண்டாம் என்று குழு எழுதிக் கொடுத்தால் அது சலுகை. இன்ன தேதிக்குள் மூடுவதாக எழுதி வாங்கிக்கொண்டு விலக்கு கொடுப்பது வேறு. அப்படி எழுதி வாங்க 2025 அறிவிக்கை குழுவைக் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும்.