மண்டூரும் ‘மட்டக்களப்புத் தமிழக’மும்: அடையாளம் பற்றிய ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலுள்ள மண்டூரிற் பிறந்தவர் பண்டிதர் வீ. சீ. கந்தையா. தம் பகுதியின் வழிபாட்டு மரபுகளையும் நாட்டார் பாடல்களையும் சொல்வழக்குகளையும் தொகுத்து, 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலை அவர் வெளியிட்டார். யாழ்ப்பாணத்து வரலாறே ஈழத்தமிழர் வரலாறாகக் கொள்ளப்பட்ட காலத்தில், கிழக்கு மக்களுக்குத் தம் மரபு பற்றிய பெருமிதத்தை அந்நூல் அளித்தது. ஆயினும், மொழியும் வழக்காறும் ஒன்றாயின் மக்களும் ஓரினத்தவரே என்னும் எண்ணத்தை அதன் பெயர் தோற்றுவிக்கின்றது. அவ்வெண்ணம் மண்டூர்ச் சூழலுக்கு எத்துணைப் பொருந்தும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

‘சின்னக் கதிர்காமம்’ எனப் போற்றப்படும் மண்டூர் முருகன் கோயிலில் கப்புகனார் வாய்கட்டி, மந்திரம் ஓதாது மௌனமாகப் பூசை செய்வர். கதிர்காமத்திலோ அவ்வகைப் பூசையைச் சிங்களக் கப்புறாளைமாரே நிகழ்த்துகின்றனர். ஆகவே மண்டூரின் தனிச்சிறப்பெனப் பேசப்படும் வழக்கே அதனைச் சிங்களவரோடும் இணைக்கின்றது.

குடிமுறையும் இத்தகையதே. தாய்வழியாகக் குடி அமைவதும், ஒரே குடிக்குள் மணம் விலக்கப்படுவதும், மகளுக்கு வீடு சீதனமாவதும் இப்பகுதித் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொது. தமிழர் கோயில்களிற் குடிவழியே உரிமைகள் பகிரப்படுவதுபோல், அக்கரைப்பற்றுப் பள்ளிவாசலிலும் மரைக்காயர்மார் குடிகளின் சார்பில் அமைந்தனர். இரு சாராரின் தாய்மொழியும் தமிழே. எனினும் முஸ்லிம்கள் தம்மைத் தனி இனத்தவராகவே கொள்வர்.

அங்ஙனமாயின் வேற்றுமை எங்கிருந்து பிறக்கின்றது? ஓர் இனக்குழுவை வரையறுப்பது அதன் எல்லையேயன்றி, அவ்வெல்லைக்குள் அடங்கிய பண்பாட்டுப் பொருள்கள் அல்ல என்று நோர்வே நாட்டு மானிடவியலாளர் பிரெட்ரிக் பார்த் 1969இல் எடுத்துரைத்தார். மட்டக்களப்பில் அவ்வெல்லையை அரசியலும் குருதியுமே ஆழப்படுத்தின. 1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றம், 1956இன் தனிச்சிங்களச் சட்டம், அவ்வாண்டே கல்லோயாவில் நிகழ்ந்த தமிழர் கொலைகள் ஆகியன ஒருபுறம். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் முஸ்லிம்களும், சத்துருக்கொண்டானில் தமிழரும் படுகொலையுண்டமை மறுபுறம். இவற்றுக்குப் பின்னரும் குடிமுறை மாறவில்லை. வாய்கட்டிப் பூசையும் மாறவில்லை. மாறியது அயலாரை நோக்கும் நோக்கே.

எனவே கந்தையாவின் நூலை எல்லைக்காணி உறுதியாகக் கொள்ளுதல் தகாது. அயலாரோடு பகிர்ந்து வாழ்ந்தோர் விட்டுச்சென்ற வாழ்க்கைப் பதிவாக அதனைப் பயிலுதலே நம் கடன். அவ்வாறு பயில்வோர், தமக்கே உரியதெனக் கருதியவற்றுட் பல அயலார்க்கும் உரியன என்பதை உணர்வர். அவ்வுணர்வினால் நம் அடையாளம் குன்றாது. அது தனித்து உருவானதன்று என்னும் உண்மையே தெளிவுறும்.