மினிக்கு ஒரு மின்காற்றாடி

ஈப்போவில் பழைய மினி வைத்திருக்கும் யாரைக் கண்டாலும் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, "மின்காற்றாடி பூட்டியாச்சா?" என்பதுதான். இல்லை என்றால் விடமாட்டேன். நின்ற இடத்திலேயே பானட்டைத் திறக்கச் சொல்லிப் பாடம் நடத்திவிடுவேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்! உச்சி வெயிலில், முன்னால் நூறு காடி நிற்கையில், வெப்பமானியின் முள் அசையாமல் இருப்பதைப் பார்க்கும் சுகம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

என்னுடையது எழுபதுகளில் வந்த மினி 1000. 998 சிசி இயந்திரம். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டமொன்றில் கிராணியாக இருந்தவர் ஆசையாக ஓட்டியது. தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்டது. காடி என்னிடம் வந்து சேர்ந்தது. அழகு, துடிப்பு, வளைவுகளில் ஒட்டிக்கொண்டு போகும் லாவகம் எல்லாம் உண்டு. நெரிசலில் மாட்டினால் மட்டும் கொதிக்கும்.

காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1956 சூயெஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, சிக்கனமான சின்னக் காடி ஒன்று வேண்டுமென்று வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸிடம் கேட்டார்கள். அவர் இயந்திரத்தைக் குறுக்குவாட்டில் திருப்பி, கியர் பெட்டியை அதன் அடியிலேயே வைத்துவிட்டார். 1959 ஆகஸ்டு 26ஆம் தேதி மினி வெளிவந்தது. பத்தடி நீளம், அதற்குள் நான்கு பேர்! ஆனால் ரேடியேட்டருக்கு முன்பக்கம் இடமில்லை. இடப்பக்கச் சக்கர வளைவை ஒட்டிப் போய் உட்கார்ந்துகொண்டது. இயந்திரத்தோடு சுற்றும் காற்றாடி, சூடான அறையின் காற்றையே எடுத்து ரேடியேட்டர் வழியாகச் சக்கரப் பக்கம் தள்ளும். இடம் எவ்வளவு நெருக்கம் என்றால், காற்றாடி பெல்ட்டை மாற்ற, இறக்கை இறக்கையாக அதை நுழைத்து எடுக்க வேண்டும்.

அந்தப் பழைய காற்றாடி, துரை வரும்போது மட்டும் பரபரக்கும் மண்டோர் மாதிரி. வேகமாய்ப் போனால், காற்று தானாகவே வரும் நேரத்தில், பம்பரமாய்ச் சுழலும். நெரிசலில் இயந்திரம் மெதுவாகும்போது அதுவும் சோம்பிவிடும். மின்காற்றாடியோ இயந்திர வேகத்தைப் பார்ப்பதில்லை. சூட்டைப் பார்த்து ஓடும். முழு மகிமையும் அதில்தான்!

"தம்பி, இதுல என் விரலே போகல, காத்தாடி எங்க போகும்?" என்றார் எங்கள் பட்டறை அண்ணன். உள்ளே போகவேண்டாம் அண்ணே, வெளியே சக்கர வளைவில் பூட்டலாம் என்றேன். இது நான் கண்டுபிடித்ததல்ல. தொண்ணூறுகளில் வந்த மினிகளில் தொழிற்சாலையே அங்கே ஒரு துணைக் காற்றாடி வைத்தது. பிறகு 1996 கடைசியில் ரேடியேட்டரையே முன்பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள்.

நான் வாங்கியது ஒன்பது அங்குலத் தட்டைக் காற்றாடி. மோட்டாரோடு சேர்த்து இரண்டரை அங்குலத் தடிமன், 80 வாட். சக்கரம் அதில் உரசுமா என்று பார்க்க அண்ணன் செய்த வேலையை நான் மறக்கமாட்டேன். பக்கத்துக் கடையில் ஒரு உருண்டை ரொட்டி மாவு வாங்கிவந்தார். காற்றாடிக் கூட்டின் மேல் அப்பினார். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பினோம். ஜாக்கி வைத்துச் சக்கரத்தை முடிந்தவரை மேலே ஏற்றினோம். மாவில் டயரின் தடம் விழவில்லை! "இன்னும் கொஞ்சம் இடம் விடு தம்பி. ரப்பர் அமுங்கும்" என்றார். மினிக்குச் சுருள்வில் கிடையாது. அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகள்தான் அதைத் தாங்குகின்றன. வயதாக ஆக அவை அமுங்கும், சக்கரம் வளைவுக்குள் மேலேறும். 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்ட மாநிலத்துக்காரர்களுக்கு ரப்பரின் குணத்தைச் சொல்லித்தரவா வேண்டும்!

மின்வேலையில் கஞ்சத்தனம் கூடாது. 80 வாட் என்றால் ஏறக்குறைய ஏழு ஆம்பியர். அதை நேரே சுவிட்சில் ஓடவிட்டால் சுவிட்ச் கருகும். ரிலே வையுங்கள், ஃபியூஸ் வையுங்கள். மினியின் பேட்டரி பின்னால் டிக்கியில் இருப்பதால், மின்சாரத்தை முன்பக்கம் ஸ்டார்ட்டர் சொலினாய்டில் எடுத்துக்கொள்ளலாம். மேல் ஹோஸில் ஒரு வெப்பச் சுவிட்ச்: 92 டிகிரியில் ஓடும், 87இல் நிற்கும். காற்று போகும் திசையை அவசியம் பாருங்கள். பழைய காற்றாடி தள்ளும் அதே பக்கம்தான் இதுவும் இழுக்க வேண்டும். எதிர்த்து வீசினால் இரண்டும் வீண். பழையதை நான் கழற்றவில்லை. இரண்டும் கைகோத்து வேலை செய்கின்றன.

சோதனை தைப்பூசத்தன்று. புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயில் வரை காவடிகள், கூட்டம், ஊர்ந்து போகும் வாகனங்கள். முள் மெல்ல ஏறியது. 'டக்' என்று ரிலே. இடப்பக்கம் ஒரு ரீங்காரம். முள் இறங்கியது! மேளச் சத்தத்துக்கு நடுவே நான் மட்டும் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன்மலை ஏறியபோதும், லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோதும், ஒரு சொட்டுத் தண்ணீர் கொதிக்கவில்லை.

குறை ஒன்றுண்டு. சக்கரம் வாரியடிக்கும் சேறு காற்றாடியில் படியும். தோட்டத்துச் செம்மண் பாதையில் போய்வந்தால் கழுவியே ஆகவேண்டும். தண்ணீர் புகாத மோட்டாராக வாங்குங்கள். முன்னால் ஒரு கம்பிவலை போடுங்கள்.

முந்நூறு வெள்ளிக்குள் முடிந்த வேலை இது. ஆனால் அடைத்துக் கிடக்கும் ரேடியேட்டரை எந்தக் காற்றாடியும் காப்பாற்றாது. முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள், வெப்ப நாடுகளுக்கான 74 டிகிரித் தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள், அப்புறம் காற்றாடியைப் பூட்டுங்கள். மினியை வெயிலுக்குப் பயந்து கொட்டகையில் வைத்திருப்பவர்களே, அடுத்த தைப்பூசத்துக்குள் இதைச் செய்துவிடுங்கள். ஓட்டத்தான் காடி!