மன்னன் மாற்றிய விழா

நகரம் வளர்ந்தால் மடமை தானே மாயும் என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் சித்திரை முழுநிலவு நாளில் மதுரை வைகைக் கரைக்குச் சென்று பார்க்கட்டும்! மின்விளக்கு ஒளிர்கிறது, தொலைக்காட்சி படம் பிடிக்கிறது, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையிலிருந்து, அழகர் இறங்குவதற்கென்றே தண்ணீர் வருகிறது. அறிவியல் தந்த கருவிகள் அனைத்தும் ஆண்டவன் பணிக்கு அணிவகுத்து நிற்கின்றன! கள்ளழகர் உடுத்திய பட்டு பச்சையா என்று பார்த்து விளைச்சலைக் கணிக்கிறது கூட்டம்.

ஏன் இந்த நிலை? ஏளனம் செய்வது எளிது. விடை காண்பது அரிது. விடை காண முயன்ற நூல், தொ. பரமசிவன் எழுதிய ‘அழகர் கோயில்’. 1989-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கல்வெட்டோடு நில்லாமல், கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் ஆகியோர்க்கும் அக்கோயிலுக்கும் உள்ள உறவை மக்களிடமே கேட்டு எழுதினார். அதுவே நூலின் சிறப்பு.

தங்கை மீனாட்சியின் திருமணத்துக்கு அண்ணன் காலந்தாழ்ந்து வந்தான் என்பது மக்கள் கதை. மண்டூக முனிவரின் சாபம் நீக்க வந்தான் என்பது கோயிலார் கதை. முன்பு அழகர் சென்றதோ தேனூருக்கு! மாசியில் நடந்த மீனாட்சி திருமணத்தைச் சித்திரைக்கு மாற்றி, இரு விழாக்களையும் இணைத்தவர் 17-ஆம் நூற்றாண்டில் ஆண்ட திருமலை நாயக்கர் என்பர். அப்படியானால், ‘அநாதி காலந்தொட்டு மாறாதது’ என்ற பேச்சு என்னாயிற்று? மாற்றப்பட்டதனால் அன்றோ அது வாழ்கிறது!

மற்றொரு காரணமும் உண்டு. கோயிலுக்குள் விடப்படாத உழவனைத் தேடி, ஆண்டுக்கு ஒருமுறை ஆற்றுக்கு வந்தது சிலை. மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்ததே 1939 ஜூலை 8-இல்தான். அதுவரை வாயிலை அடைத்தவர்கள், வைகை மணலில் மட்டும் அவனை வரவேற்றனர்! உறவு கொடுத்தனர், உரிமை மறுத்தனர். அந்த உறவைத் துலக்கிய அளவுக்கு, அது மறைத்த உயர்வு தாழ்வை நூலாசிரியர் உரத்துக் கேட்கவில்லை என்பது நம் குறை.

கொரோனாத் தொற்றால் 2020, 2021 ஆண்டுகளில் அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மதுரை மண் விளையாமற் போகவில்லை. 2022-இல் விழா நெரிசலில் இருவர் மாண்டனர். பட்டின் நிறம் அவர்களைக் காக்கவில்லை.

இளைஞர்களே! மக்கள் கூடுவது கடவுளுக்காக மட்டுமன்று; உறவுக்காக, உழைத்த களைப்பு நீங்கும் களிப்புக்காக. அவற்றைச் சாதியும் சாபமும் இல்லாத விழாக்களில் நாம் தரவேண்டும். நூலைப் படியுங்கள், பிறகு கரைக்குச் சென்று மக்களிடம் பேசுங்கள். மன்னன் ஒருவன் மாற்றிய விழாவை, மக்கள் மாற்ற முடியாதா?