கொத்தும் படியும்

அரிசி அளக்கும் பாத்திரத்தை இலங்கையில் கொத்து என்பார்கள், தமிழ்நாட்டில் படி என்பார்கள். இரு தேசங்களிலும் அரசாங்கங்களை ஏற்றவும் இறக்கவும் வல்லதாக அச்சிறு பாத்திரம் இருந்திருக்கிறது. 1953இல் பங்கீட்டரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி மூண்ட ஹர்த்தாலின் பின் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்; அவரே மீண்டும் பிரதமராகி 1966இல் பங்கீட்டின் இரண்டு கொத்தை ஒன்றாக்க, அதைத் திருப்பித் தருவதாக வாக்களித்த சிறிமாவோ அம்மையார் 1970இல் பெருவெற்றி பெற்றார். தமிழ்நாட்டிலோ, ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற தி.மு.க. 1967இல் ஆட்சியைப் பிடித்தது.

இவற்றைக் கொண்டு, சோறிட்டவனுக்கே ஏழை வாக்களிப்பான் என்று முடிவு கட்டுவோரின் அபிப்பிராயம் எனக்கு உடன்பாடானதல்ல. கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசியும் வண்ணத் தொலைக்காட்சியும் தந்த ஆட்சி 2011இல் தோற்றது. இலங்கையில் 2023இல் அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவைத் தொடங்கிய ஜனாதிபதி மறு ஆண்டுத் தேர்தலில் மூன்றாமிடத்துக்கே வந்தார். கிடைத்ததற்கு நன்றி செலுத்துவதைவிட, கிடைப்பதை ஒருவன் நிறுத்திவிடக் கூடுமென்ற பயமே வாக்காளனை நிர்ப்பந்திக்கிறது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு வருமானம் பார்ப்பதில்லையாதலின், எக்கட்சிக்கு வாக்களித்தவளும் மறுநாள் நியாயவிலைக் கடையில் தைரியமாக வரிசையில் நிற்கலாம். (அண்மையில் வந்த மகளிர் உரிமைத் தொகைக்கு வருமான வரம்பு உண்டென்பதை மறைப்பதற்கில்லை.) இலங்கையில், 1978இல் பங்கீடு வருமானம் பார்த்துச் சுருக்கப்பட்டு, மறு ஆண்டில் உணவு முத்திரையாகி, பின்னர் ஜனசவிய, சமுர்த்தி என்று பெயர் மாறி வந்த காலமெல்லாம், பட்டியல் எழுதுவோரின் தயவு ஏழைக்கு இன்றியமையாததாயிற்று, அவர்களுடைய நியமனத்திலேயே கட்சிச் சார்பு புகுந்ததும் ஊரறிந்தது.

பிறர் தயவை நம்பியிருக்கும் இவ்விஷயம் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் இன்னும் கொடியது. 1867இல் முதன்முதல் வர்த்தகத் தேயிலை நட்ட லூல்கந்துரவிலும், கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து லயக் குடியிருப்புகளிலும் வாழ்ந்த தமிழருட் பெரும்பாலோர் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் வாக்கை இழந்தவர்கள். 70 சதம் அவர்கள் உலையிலும் விழுந்தது, ஆயினும் அதற்குத் தீர்ப்பளிக்க அவர்களிடம் வாக்குச் சீட்டில்லை. வாக்குரிமை திரும்பிய பின்னரும், செக்ரோல் என்ற தோட்டத்துப் பெயர்ப்பதிவில் உள்ள சம்பளக்காரர் என்ற காரணத்தால் அவர்களிற் பலர் சமுர்த்திப் பட்டியலுக்குப் புறம்பாகவே நெடுங்காலம் நின்றார்கள். ஆகவே கூரைத் தகரத்துக்கும் பாதைக்கும் வீட்டுக்கும் தோட்டத் தலைவரையும், தொழிற்சங்கத்தையும், அச்சங்கத்தின் அமைச்சரையுமே நாட வேண்டியிருந்தது. வாக்கும் அவ்வழியே சென்றது.

அஸ்வெசுமப் பணம் இப்போது நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. பட்டியலில் விடுபட்டவர்களுக்கு மேன்முறையீடும் உண்டு. தெல்தோட்டையில் கொழுந்து கிள்ளும் ஒரு தாய், எந்தத் தலைவரிடமும் சொல்லாமல், பிரதேச செயலகத்தில் தன் மனுவைத் தானே கொடுத்துவிட்டு மலையேறும் நாளை நான் எதிர்பார்த்திருக்கிறேன். அதற்குப் பின் அவள் வாக்குச் சீட்டில் இடும் புள்ளடியை அறிய எனக்கு ஆவல்.