பட்டியலில் இல்லாத தயாரிப்பு

மே மாதம் பாதி கடந்தால் போதும், சென்னைப் பாரிமுனையின் காகிதக் கடைகள் முதல் சிற்றூர்ப் பேருந்து நிலையத்து ஸ்டேஷனரிக் கடை வரை கூட்டம் நெரியும். கோடு போட்ட நோட்டு எத்தனை, கட்டம் போட்டது எத்தனை, பிரவுன் ஷீட், லேபிள், ஜாமெட்ரி பாக்ஸ் என்று பள்ளி கொடுத்த பட்டியல் எல்லார் கையிலும் இருக்கும். சீருடைத் துணி தையற்கடைக்குப் போயிருக்கும். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறப்பதற்குள் இவை வீடு வந்து சேர்ந்துவிட்டால் தயாராகிவிட்டதாகவே நினைக்கிறோம். பிள்ளையின் தூக்கமும் பசியும் பயமும் அந்தப் பட்டியலில் இல்லை. நம் தயாரிப்பின் பெரிய குறை இதுதான்.

பொருள் வாங்குவதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. புது நோட்டின் வாசனைக்காகவே பள்ளி திறப்பை எதிர்பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து அட்டை போட்டு, லேபிள் ஒட்டிப் பெயர் எழுதும் அந்த மாலைப்பொழுது, எந்தச் சொற்பொழிவும் தராத தெம்பைப் பிள்ளைக்குத் தருகிறது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பாடநூல் விலையில்லாமல் வருவதால், முன்பு கடன் வாங்கிப் புத்தகம் வாங்கிய குடும்பங்களும் இந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ள முடிகிறது. தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பல வீடுகளில் மட்டும் நகை அடகுக் கடைக்குப் போகும் மாதமாக மே இன்னும் நீடிக்கிறது.

வாங்கும் முறையில்தான் தவறுகிறோம். வளர்கிற பிள்ளை என்று சட்டையை ஓர் அளவு பெரிதாகத் தைப்பது சரி. மடித்துத் தைத்ததைப் பிறகு பிரித்துவிடலாம். ஷூவைப் பெரிதாக வாங்கினால் முதல் வாரமே குதிகால் தோல் உரியும். நிறையக் கொள்ளும் என்று பெரிய பையாகத் தேடுகிறோம். பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது 2020இல் ஒன்றியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டரைக் கிலோதான் வரம்பு. வெறும் பையே ஒரு கிலோ இருந்தால் புத்தகத்துக்கு மிஞ்சுவது எவ்வளவு?

அடுத்தது தூக்கம். விடுமுறையில் நள்ளிரவில் படுத்து ஒன்பது மணிக்கு எழுந்த பிள்ளையை, பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு மட்டும் “சீக்கிரம் படு” என்று அதட்டிப் பயனில்லை. தூக்கத்தை அதட்டி வரவழைக்க முடியாது. விழிப்பை முன்னுக்கு நகர்த்தலாம். காலை வெளிச்சம் கண்ணில் படும் நேரத்தை வைத்தே உடல் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. இரண்டு வாரம் முன்பே தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை இருபது நிமிடம் முன்னதாக எழுப்பி வாசலிலோ மொட்டை மாடியிலோ கொஞ்ச நேரம் நிற்க வைத்தால், ஒன்பது மணி விழிப்பு ஏழுக்கு முன்னால் வந்துவிடும். இரவுத் தூக்கம் தானே பின்தொடரும்.

ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. ஆறே முக்காலுக்கு வேன் வருகிறது என்றால் பிள்ளை ஐந்தே முக்காலுக்கு எழ வேண்டும். எட்டே முக்காலுக்கு உறங்கியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் நம் வீடுகளில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் தங்கள் இரவை மாற்றிக்கொள்ளாமல் பிள்ளையின் காலையை மாற்ற முடியாது.

படிப்பில் முந்திக்கொள்ளும் பழக்கத்தை நான் முற்றாக எதிர்க்கிறேன். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிடுகிறது. இதன் முற்றிய வடிவத்தைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்திய பள்ளிகள் இருந்தன. அதைத் தடுக்க 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது; 2025-26 முதல் அது கைவிடப்பட்டது. முன்கூட்டிப் படித்த பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் வகுப்பு எளிதாக இருக்கும் என்பது உண்மை. ஏற்கெனவே கேட்ட பாடம் என்பதால் கவனம் சிதறும் என்பதும் உண்மை. விடுமுறையில் திருப்பிப் பார்க்க வேண்டியது போன வகுப்பில் புரியாமல் விட்டதை. பின்னமும் தசமமும் பிடிபடாத பிள்ளைக்கு அடுத்த ஆண்டின் இயற்கணிதம் எதற்கு?

பயத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஐந்தாம் வகுப்பை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் முடித்த பிள்ளை, ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறது. ஒரே ஆசிரியரைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இனிப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். இலவசப் பயண அட்டையோடு நெரிசலில் தனியே பேருந்து ஏற வேண்டும். ஒருமுறை கூடவே போய், எந்த நிறுத்தத்தில் இறங்குவது, பேருந்தைத் தவறவிட்டால் யாரிடம் கேட்பது, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு வந்தால் பாதிப் பயம் போய்விடும். பெண்பிள்ளையாக இருந்தால், பள்ளியில் இருக்கும்போது மாதவிடாய் வந்தால் என்ன செய்வது என்பதையும் இந்த மே மாதத்திலேயே பேசி, பையில் ஒரு நாப்கினும் மாற்று உள்ளாடையும் வைத்துவிட வேண்டும். அம்மா தயங்கினால் அத்தையோ சித்தியோ பேசலாம். பேசாமல் விடுவதுதான் தவறு.

பசிக்கு அரசு ஒரு வழி கண்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், விடியும் முன்பே கட்டட வேலைக்கும் களையெடுக்கவும் கிளம்பும் தாய்மாரின் பெரிய கவலையைக் குறைத்திருக்கிறது. வேன் ஏறும் பிள்ளைகளின் வீட்டில் அந்தக் கவலை இன்னும் அம்மாவின் தலையில்தான். காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு, தலை பின்னல், கையொப்பமிட வேண்டிய டைரி எல்லாவற்றையும் அவர் ஒருவரே ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியிருக்கிறது. அவசரத்தில் அவருக்கு எரிச்சல் வருகிறது, பிள்ளை அரை இட்லியோடு அழுதுகொண்டே கிளம்புகிறது. இதைத் தாயின் பொறுமைக் குறைவு என்பது அநியாயம். வேலைப் பங்கீடுதான் கோளாறு. சீருடையை இரவே தேய்த்து வைப்பதும், ஷூவுக்குப் பாலிஷ் போடுவதும், தண்ணீர் பாட்டிலை நிரப்புவதும் எட்டு வயதுப் பிள்ளையே செய்யக்கூடியவை. இஸ்திரிப் பெட்டியை மட்டும் பெரியவர் பிடிக்கட்டும். அப்பாமார்களே, நோட்டுக்கும் கட்டணத்துக்கும் பணம் கொடுத்ததோடு உங்கள் பங்கு முடிந்ததாக எண்ண வேண்டாம். இந்த ஜூனில் பிள்ளைக்கு முன்னால் எழுந்து சமையலறைக்கு வாருங்கள்.